உரம் வாங்கும் முன் ஜன்னலைப் பாருங்கள்

வீட்டுக்குள் வளரும் செடிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். குளிர்காலம் முடிந்து பகல் நீள ஆரம்பித்ததும் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்தான்: "துளிர் வருது, ஆனா இலை சின்னச் சின்னதா வருது, என்ன உரம் போடலாம்?" செடி ஜன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். "அதெல்லாம் நல்ல வெளிச்சமான ரூம்தாங்க" என்று பதில் வரும்.

அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதும், அவ்வளவுதான். உச்சி வெயிலில் வெளியே சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். நேரடி வெயில் விழாத ஜன்னலை ஒட்டிய இடத்தில் அது சில ஆயிரமாகிவிடும், அங்கிருந்து இரண்டு மீட்டர் உள்ளே போனால் பெரும்பாலும் சில நூறுதான். இத்தனை பெரிய வித்தியாசம் நமக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், கண் அந்தந்த இடத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதுதான். செடியால் அது முடியாது, இலையில் விழுகிற ஒளியை வைத்துத்தான் அது சாப்பாடு தயாரிக்க வேண்டும்.

வசந்தத்தில் ஏன் இது பெரிதாகத் தெரிகிறது என்றால், வெப்பம் ஏறினால் போதும், வெளிச்சம் பற்றாவிட்டாலும் செடி வளரக் கிளம்பிவிடும். ஒரு மணி பிளான்ட் கொடியை எடுத்து வேரிலிருந்து நுனிவரை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த பகுதியில் கணுக்கள் நெருக்கமாக இருக்கும், இலை உள்ளங்கை அகலம் இருக்கும். அதற்கப்புறம் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போய், தண்டு மெலிந்து, கடைசி இலைகள் பாதி அளவில் வெளிறிக் கிடக்கும். கொடி எந்த மாதங்களில் இருட்டில் இருந்தது என்பதை அதைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ரோஜாப்பூ அடுக்குபோல் இருக்கும் சதைப்பற்றுச் செடிகள் என்றால் அடுக்குக் குலைந்து, இலைகள் கீழே மடங்கி, நடுத்தண்டு வெளியே தெரியும். பெரிய இலைகளில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் மான்ஸ்டெராவில் புது இலை ஓட்டையே இல்லாமல் முழுசாக வரும் (ரொம்ப இளஞ்செடி என்றால் அது இயல்புதான்). வெள்ளைக் கோடு போட்ட ரகங்களுக்கு இன்னும் கூடுதல் வெளிச்சம் வேண்டும், ஏனென்றால் வெள்ளைப் பகுதியில் பச்சையமே கிடையாது.

"குறைந்த வெளிச்சச் செடி" என்று லேபிள் ஒட்டி விற்கிறார்களே, அதை நம்பிக் குளியலறை மூலையில் வைத்துவிடுகிறார்கள். ஸ்நேக் பிளான்ட்டும் ஸீஸீ பிளான்ட்டும் அங்கே சாகாமல் தாக்குப்பிடிக்கும், வளராது. அதுகூடப் பரவாயில்லை, உண்மையான ஆபத்து தண்ணீரில்தான் வருகிறது. வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும், மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும், அப்போது இலை மஞ்சளாகும், மஞ்சளைப் பார்த்ததும் நாம் இன்னொரு குவளை ஊற்றுவோம். உரமும் இதே கதைதான்: பயன்படுத்த முடியாத உப்பு மண்ணில் தங்கி இலை நுனியைக் கருக்கும்.

சரி, போதுமான வெளிச்சம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பகலில் விளக்கை அணைத்துவிட்டு, இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம், மங்கலாக விழுந்தால் நடுத்தரம், நிழலே தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் செடிதான் சரி. செல்போனில் லக்ஸ் காட்டும் செயலிகளும் இருக்கின்றன, துல்லியத்தை எதிர்பார்க்காமல் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும்.

போன மாதம் நன்றாக இருந்த இடம் இந்த மாதம் அப்படியே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் சாய்வாக அறைக்குள் நீண்டு விழுந்த வெயில், சூரியன் மேலே ஏற ஏற ஜன்னல் ஓரத்தோடு நின்றுவிடும். வெளியே இலையுதிர்த்து நின்ற மரம் துளிர்த்துவிட்டால் அதுவும் மறைக்கும். கண்ணாடியில் படிந்த தூசியும் மெல்லிய திரையும் தம் பங்குக்குப் பிடித்துக்கொள்ளும், ஆகவே முதல் வேலையாகக் கண்ணாடியைத் துடையுங்கள், அப்புறம் ஈரத்துணியால் இலைகளையும் துடைத்துவிடுங்கள்.

செடியை நகர்த்தும்போது மட்டும் அவசரம் வேண்டாம். மங்கலில் உருவான இலை மெல்லியது, நேரே வெயிலில் வைத்தால் ஒரே மதியத்தில் வெளுத்துக் கருகிவிடும், அந்தத் தழும்பு ஆறவும் ஆறாது. ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் கொண்டு போங்கள். காலை வெயில் வரும் கிழக்கு ஜன்னல் பெரும்பாலான இலைச் செடிகளுக்குத் தோது. மேற்கு ஜன்னலின் மதிய வெயிலுக்கு மெல்லிய திரை போடலாம். செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்வது இயல்பு, வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பினால் நிமிர்ந்து நிற்கும்.

ஜன்னலே இல்லையா? வெள்ளை எல்இடி விளக்கே போதும், ஊதா நிறத்தில் ஒளிர்வதுதான் வேண்டும் என்பதில்லை. ஆனால் கூரையில் தொங்கினால் பிரயோஜனம் இல்லை, தூரம் கூடக் கூட ஒளி மளமளவென்று குறைந்துவிடும். செடிக்கு ஓரடி மேலே, தினம் 12 முதல் 14 மணி நேரம், டைமர் போட்டு எரியவிடுங்கள். இரவு இருட்டும் செடிக்கு வேண்டும்.

ஏற்கெனவே நீண்டுபோன தண்டு இனி குட்டையாகாது. வெளிச்சத்தைச் சரிசெய்து, புதுத் துளிர் நெருக்கமாக வருவதைப் பார்த்த பிறகு, நீண்ட பகுதியை ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். மணி பிளான்ட் மாதிரிக் கொடியாக இருந்தால் வெட்டிய துண்டைக் கணு மூழ்கும்படி தண்ணீரில் போட்டு வையுங்கள், வேர் விட்டதும் அதே தொட்டியில் நட்டுக்கொள்ளலாம்.