பட்டறைக்குப் போனால் அடங்கிவிடும் அதிர்வு

மூன்று முறை பட்டறைக்குக் கொண்டுபோனேன். மூன்று முறையும் வண்டி பரம சாதுவாக நின்றது. ஆனால் கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு வரும் நெடுஞ்சாலையில் வேகம் 70-ஐத் தாண்டினால் காலடித் தகடு கிறுகிறுக்கும். பானைக்குள் வண்டு சிக்கியதுபோல் ஒரு ரீங்காரம் எழும். மறுநாள் அதே சாலையில் அதே வேகத்தில் போனால் ஒன்றும் இராது. முதல் பட்டறையில் சக்கரங்களுக்கு பேலன்சிங் செய்தார்கள். அடுத்ததில் அலைன்மென்ட். இரண்டுக்கும் பணம் போனது, அதிர்வு போகவில்லை.

வண்டி ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். கண்மாயை ஒட்டிய வயலிலிருந்து புதுவயல் அரிசி ஆலைக்கு நெல் மூட்டை சுமப்பது அதன் வேலை. தை அறுவடையிலும் கரைப்பாதையின் சேறு காயாததால், நான்கு சக்கரமும் இழுத்தால்தான் பாரத்தோடு மேலே ஏறும்.

முறைக்காய்ச்சலுக்கு வைத்தியம் பார்ப்பவர், எந்த நேரத்தில் குளிர் வருகிறது என்றுதான் முதலில் கேட்பார். விட்டுவிட்டு வரும் அதிர்வுக்கும் அதுவே வழி. எஞ்சினா என்று பார்க்க, ஓடும்போதே கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் வேகம் இறங்கியது, அதிர்வு இறங்கவில்லை. ஆகவே எஞ்சின் இல்லை. லேசாக இடதும் வலதுமாக வளைத்தேன். சக்கர பேரிங் தேய்ந்திருந்தால், அந்தப் பக்கம் பாரம் சாயும்போது இரைச்சல் கூடும். கூடவில்லை.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. என் வண்டியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் உருளும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22 மீட்டர். சக்கரம் நொடிக்குப் பத்து முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. சக்கரத்தில் எடை கோணலாக இருந்தாலும், ரிம்முக்குள் சேறு அப்பியிருந்தாலும் உதறல் இந்தக் கணக்கில்தான் வரும். மனிதக் காது நொடிக்கு சுமார் 20 அதிர்வுகளுக்குக் கீழே கேட்காது. ஆகவே அது ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்குத்தான் தெரியும். அச்சின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். எஞ்சின் விசையை அதற்குக் கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டோ சக்கரத்தைப்போல் நான்கு மடங்கு சுற்றும்: நொடிக்குச் சுமார் 40. அதன் முனையில் உள்ள கிராஸ் என்ற மூட்டு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதறும்: 80. அது காதுக்கு ரீங்காரம், பாதத்துக்குக் கிறுகிறுப்பு. என் ஸ்டியரிங் அசையாமல் இருந்தது. அதை முதலிலேயே கவனித்திருந்தால் பேலன்சிங் காசாவது மிஞ்சியிருக்கும்.

ஷாஃப்ட் என்றால் எது? பின் ஷாஃப்ட் எப்போதும் சுற்றுவது. அதில் கோளாறு என்றால் தினமும் சத்தம் வரவேண்டும். முன் ஷாஃப்ட் இரண்டு சக்கர இழுவையில் சும்மா இருக்கவேண்டியது; அதில் சத்தமே வரக்கூடாது. இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன்.

அவிழ்த்தவர் தேவகோட்டை ரஸ்தா பக்கம் பட்டறை வைத்திருக்கும் முதியவர். வண்டியைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: “தம்பி, சத்தம் வரும் நாளில் சேற்றில் இறங்கியிருந்தீர்களா?”

“ஆமாம் அண்ணே.”

“மேலே ஏறியதும் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தீர்களா?”

எடுக்கவில்லை. நெல் மூட்டையோடு நேரே நெடுஞ்சாலைக்குப் போய்விடுவேன்.

என் வண்டியின் முன்சக்கர ஹப்புக்குள், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள், தானாகப் பூட்டிக்கொள்ளும் வளையம் ஒன்று உண்டு. பூட்டாதபோது சக்கரம் மட்டும் சுற்றும். உள்ளே இருக்கும் அச்சும் முன் ஷாஃப்ட்டும் ஓய்ந்திருக்கும். நான்கு சக்கர இழுவைக்கு மாற்றினால் அச்சு திரும்பும் விசையிலேயே வளையம் நகர்ந்து சக்கரத்தோடு கோத்துக்கொள்கிறது. லீவரைப் பழையபடி தள்ளினாலும் அந்தப் பிடி விடாது. சக்கரம் எதிர்த்திசையில் சிறிது உருண்டால்தான் நழுவும். அதுவரை இழுவை தலைகீழ்: சக்கரம் அச்சையும், அச்சு டிஃபரன்ஷியலையும், அது முன் ஷாஃப்ட்டையும் வெட்டியாகச் சுற்றிக்கொண்டே வரும்.

வீட்டுக் கொட்டகையிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் தெருவுக்கு இறக்கவேண்டும். பட்டறைக்குக் கிளம்பிய மூன்று முறையும் அப்படித்தான் கிளம்பினேன். நோயைக் கொட்டகை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வைத்தியரைப் பார்க்கப் போயிருக்கிறேன்!

சுற்றினால் சுற்றட்டும், ஏன் அதிரவேண்டும்? கிராஸ் என்பது இரண்டு கவைகளைச் சிலுவைபோல் கோக்கும் மூட்டு. 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த மூட்டு இது. வளைந்த நிலையில் இது சீராகச் சுற்றாது. ஒரு பக்கம் ஒரே வேகத்தில் சுற்ற, மறுபக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். கோணம் 10 பாகை என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 20 பாகை என்றால் ஆறு. ஷாஃப்ட்டின் மறுமுனையில் இன்னொரு கிராஸை எதிரீடாக வைத்து அதைச் சமன் செய்கிறார்கள். ஒன்று இறுகினாலோ ஆடினாலோ சமன் கெடும்.

இறுகுவது சும்மா கிடப்பதால்தான் என்பது எனக்குப் புதுச் செய்தி. கிராஸின் நான்கு முனைகளிலும் மூடிகளுக்குள் ஊசி போன்ற சிறு உருளைகள் உண்டு. சுற்றாத ஷாஃப்ட்டில் அவை ஒரே இடத்தில் நின்று சாலையின் அதிர்வை வாங்குகின்றன. கிரீஸ் ஒதுங்கி, உலோகம் உலோகத்தை அரித்து, வரிவரியாகப் பள்ளம் விழுகிறது. 1930-களில் அமெரிக்காவில் ரயிலேற்றி அனுப்பிய புதுக் கார்களின் சக்கர பேரிங்குகள், ஓடாமலேயே இப்படிப் பழுதாகியிருந்தன. எஃகுக் குண்டை அழுத்திப் பள்ளத்தை அளந்து கடினத்தைக் கணக்கிட்ட ஸ்வீடன்காரர் பிரினெல்லின் பெயரால் இதற்குப் ‘பொய்ப் பிரினெல் தடம்’ என்று பெயர்.

வெளியே அடையாளம், மூடியைச் சுற்றிக் கசியும் செம்பொடி. செட்டிநாட்டில் அது சுலபத்தில் கண்ணில் படாது. நம் செம்மண்ணின் சிவப்பும் இரும்பு ஆக்சைடு, துருவும் இரும்பு ஆக்சைடு. வண்டியின் அடிப்பாகம் முழுக்க ஒரே நிறம். பெரியவர் கந்தல் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு மூட்டைச் சுத்தமாகத் துடைத்தார். ஹப்பைப் பூட்டி கண்டனூர் வரை போய்வரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால், மேலே எங்கும் தூசி மெல்லிய படலமாக இருக்க, ஒரு மூடியின் விளிம்பிலிருந்து மட்டும் சிவப்புக் கீற்றுகள் சக்கர ஆரம்போல் வெளிப்புறமாகத் தெறித்திருந்தன.

ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன், ஒன்றுக்குள் ஒன்று செருகிய அதன் இரு துண்டுகளின் மேலும் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். நடுவே நழுவும் பற்களை ஒரு பல் தள்ளிக் கோத்துவிட்டால், புதுக் கிராஸ் போட்டும் இரண்டு மூட்டுகளும் ஒன்றையொன்று சமன் செய்யாது. பழைய கிராஸைக் கையில் கொடுத்தார். விரல் நகத்தை ஓட்டினால் பள்ளங்கள் தட்டுப்பட்டன. புதியதை மாட்டி கிரீஸ் துப்பாக்கியால் அழுத்தியபோது மூன்று மூடிகளில் கிரீஸ் எட்டிப் பார்த்தது, நான்காவதில் வரவில்லை. கழற்றி, மறுபடி மாட்டி, நான்கிலும் வந்த பிறகுதான் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

கையோடு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். வலது சக்கரம் லேசாக ஆடியது. என்னை ஏறி பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தால் சக்கரமும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாக இறுகும். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் நக்கிளை வண்டியோடு இணைக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட். நிற்கவில்லை. அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை பாரம் ஏற்றாதீர்கள் என்றார். ஆலையில் பாதி நெல் போட்டாயிற்று. மீதி களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.