கார்திரள் மேகம்: பெயரே சொல்லும் எச்சரிக்கை

வானிலை முன்னறிவிப்புப் பணியில் இருப்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, "மழை எத்தனை மணிக்கு வரும்?" என்பதுதான். இடி மின்னலைக் கொண்டுவரும் கார்திரள் மேகம் (குமுலோநிம்பஸ்) எழும் நாளில் நான் பயப்படுவது மழைக்கு அல்ல. மழை வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று வெட்டவெளியில் நிற்பவர்களை நினைத்துத்தான்.

லத்தீனில் 'குமுலஸ்' என்றால் குவியல், 'நிம்பஸ்' என்றால் மழைமேகம். 1802-ல் வானிலை ஆர்வலர் லூக் ஹோவர்ட் லண்டனில் மேகங்களை வகைப்படுத்தியபோது இவை தனித்தனிப் பெயர்கள். இரண்டும் சேர்ந்து 'குமுலோநிம்பஸ்' ஆனது அந்த நூற்றாண்டின் பிற்பாதியில். தமிழில் கார் (மழைமேகம்), திரள் (குவியல்) இரண்டும் அதையே சொல்கின்றன. வெறும் திரளாக இருக்கும்வரை அது சாதுவான மேகம். எப்போது கார்திரளாகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அதைக் காட்டுவது உச்சி. வளரும் திரள் மேகத்தின் உச்சி காலிஃபிளவர் போல முண்டு முண்டாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். உள்ளே ஈரப்பதம் குளிர்ந்து நீராகும்போது வெளியாகும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. உச்சியில் பனித்துகள்கள் உருவானதும் அந்த விளிம்பு மழுங்கும். இந்த நிலைக்குக் 'கால்வஸ்' என்று பெயர், அதாவது வழுக்கை. அப்புறம் நார் நாராகப் பிரிந்தால் 'கப்பில்லாட்டஸ்', முடியுள்ளது. வெப்பமண்டலப் பகுதிகளில் 15 கிலோமீட்டரையும் தாண்டி வளரும். அதற்கு மேல் ஏற முடியாமல் உச்சி தட்டையாகப் பரவினால் 'இன்கஸ்', கொல்லரின் அடைகல். வழுக்கை நிலையிலேயே மின்னல் வெட்டலாம் என்பதால் அடைகல் வடிவம் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது.

பனித்துகள்களும் மென்பனிக்கட்டிகளும் மோதிக்கொள்வதால்தான் மின்னேற்றம் பிரிகிறது. மின்னல் மழை பெய்யும் இடத்தோடு நிற்பதில்லை, 10 கிலோமீட்டர் தள்ளியும் விழும். தலைக்கு மேலே நீலவானம் தெரிகிறதே என்ற தைரியம் வேண்டாம். இடி ஏறக்குறைய அந்தத் தொலைவுக்குத்தான் கேட்கும். ஆக, இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னலின் எல்லைக்குள் இருக்கிறீர்கள். மேகம் இருக்கும் திசையிலிருந்து திடீரென்று குளிர்ந்த பலத்த காற்று அடித்தால் அது இதமான காற்று என்று நிற்காதீர்கள். மேகத்திலிருந்து கீழே பாயும் காற்று அது.

மரத்தடி வேண்டவே வேண்டாம். கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள காரில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோ இருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு வெளியே வாருங்கள். இடையில் இன்னொரு இடி கேட்டால் அந்த 30 நிமிடம் மறுபடி முதலிலிருந்து.