கொடைக்கானல் குளிரில் கோழி சுடப் போகிறவர்களுக்கு

மார்கழி பிறந்துவிட்டால் மதுரையிலிருந்து கொடைக்கானல் கிளம்பும் கார்களின் டிக்கியில் புதிதாகச் சில சாமான்கள் ஏறிவிடுகின்றன. மசாலா தடவிய கோழி ஒரு டப்பாவில், கரி ஒரு சாக்கில், கூடவே கால் மடக்கும் பார்பிக்யூ அடுப்பு ஒன்று. சிறுமலைக்கும் மேகமலைக்கும் போகிறவர்களும் இப்போது இப்படித்தான் போகிறார்கள். நல்லதுதான். பனியில் நின்றுகொண்டு அடுப்பிலிருந்து நேராகக் கையில் வாங்கித் தின்னும் கோழிக்கு ஈடு ஏது? நானும் தின்கிறவன்தான்.

மதுரையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கோழி சுட்டு முடித்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, "அடுப்புதான் அணைஞ்சுபோச்சே, ரூம் கதகதப்பா இருக்கட்டும்" என்று அதை உள்ளே தூக்கி வைக்கிறார்களே, அந்த நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். விடுமுறை நாளில், பகல் பத்துப் பதினோரு மணிக்கு, மலையிலிருந்து இறங்கிய கையோடு நாலைந்து இளைஞர்கள். ஒருவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார். ஒருவருக்கு வாந்தி நிற்கவில்லை. இன்னொருவர் கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் தாமதமாகப் பதில் சொல்வார்.

"மலை ஒத்துக்கலை டாக்டர். ராத்திரி கொஞ்சம் சரக்கும் கூடிப்போச்சு. ஒரு ஊசி போட்டு விட்டீங்கன்னா கிளம்பிருவோம்."

"ராத்திரி எங்க தம்பி படுத்தீங்க?"

"ரூம்லதான்."

"அடுப்பு எங்க இருந்துச்சு?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "அது அணைஞ்சிருச்சு டாக்டர். புகையே இல்ல. மூலையிலதான் வச்சோம்."

புகையே இல்லை என்பதுதான் இதில் விவகாரமான பகுதி. நம் பக்கம் கிடைக்கும் கரியில் பெரும்பகுதி சீமைக்கருவேலக் கரி. ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் விறகை அடுக்கி, மண் பூசி மூடி, காற்றை அடைத்து நாள்கணக்கில் வேகவிட்டு எடுப்பது. விறகிலுள்ள நீரும், கண்ணைக் கரிக்கும் புகையும் அந்தக் கரிமூட்டத்திலேயே போய்விடுகின்றன. மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் கார்பன். பச்சை விறகை அறைக்குள் வைத்தால் இருமி, கண்ணைக் கசக்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியே ஓடி வந்துவிடுவோம். கரி நம்மை அப்படி விரட்டாது. பக்கத்தில் உட்கார வைக்கும், தூங்கவும் வைக்கும்.

கரி எரியும்போது அடியில் காற்றுப் படும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது மேலே உள்ள சிவந்த கங்குகளின் வழியாக ஏறும்போது இன்னொரு பங்கு கார்பனைச் சேர்த்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அடுப்பு நன்றாகப் பற்றியிருக்கும்போது மேலே நீலமாக ஒரு சின்னச் சுடர் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். மோனாக்சைடு எரிகிற சுடர் அது. சுடர் அடங்கி, மேலே சாம்பல் பூத்துவிட்டால் அந்த வாயு எரியாமல் அப்படியே வெளியே வருகிறது. நாம் "அணைந்துவிட்டது" என்று நினைக்கும் அடுப்பு, உள்ளே கங்கோடு இன்னும் பல மணி நேரம் இந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய அது இன்னும் கூடும்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டுவது போலவும் இருக்காது. ஏனென்றால் மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் தருவது உடம்பில் தேங்கும் கார்பன் டை ஆக்சைடு, அதுதான் ஒழுங்காக வெளியேறிக்கொண்டிருக்கிறதே. தலை கனக்கும், குமட்டும், தூக்கம் சொக்கும். குளிர், மலைப்பாதை வளைவுகள், சரக்கு என்று இதற்கெல்லாம் காரணம் கைவசம் இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏதோ சரியில்லை என்று ஒருவருக்குத் தோன்றி எழப் பார்க்கும்போது கால் எழும்பாமல் போவதும் உண்டு.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் விடுதி அறைக்குள் பார்பிக்யூ அடுப்போடு தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. ஆகஸ்டு கொடைக்கானலின் கடும் குளிர்காலம்கூட இல்லை. டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி விழும். மதுரையில் மார்கழிக் குளிரே இருபது டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும் என்பதால், நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் குளிர் பழக்கமில்லை, கம்பளியும் போதுமான அளவு எடுத்துப் போவதில்லை. அடுப்பு உள்ளே வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். ஆளுக்கொரு கம்பளியைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

"ஜன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருந்தோம்" என்பார்கள். போதாது; பெரிய கதவு முழுக்கத் திறந்திருக்கும் அளவுக்குக் காற்றோட்டம் இருந்தால் அறை சூடாகவே ஆகாது, அப்புறம் அடுப்பு எதற்கு? வாளியில் தண்ணீர் வைத்தால் இழுத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இந்த வாயு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கீழே படுக்காமல் கட்டிலில் படுத்தால் தப்பலாம் என்பதும் சரியில்லை, காற்றின் எடைதான் கிட்டத்தட்ட அதற்கும், அறை முழுக்கப் பரவிவிடும். மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. கூடாரம் இன்னும் மோசம். பனியில் நனைந்த கூடாரத் துணி வழியாகக் காற்று போய்வருவது குறைந்துவிடும்.

வெளியில் சுடும்போதும் ஒரு கட்டம் இருக்கிறது. ராத்திரி காற்று அடிக்கத் தொடங்கும், கங்கு மங்கும். உடனே அடுப்பை போர்டிகோவுக்குள் நகர்த்துவார்கள், அல்லது மூன்று பக்கம் தார்ப்பாய் கட்டி மறைத்து உள்ளே உட்காருவார்கள். அதுவும் அறைதான். காற்றை மறைக்க வேண்டுமென்றால் காற்று வரும் ஒரு பக்கத்தில் மட்டும், ஆள் இடுப்பு உயரத்துக்கு ஏதாவது வையுங்கள். மேலே கூரை வேண்டாம்.

குளிர் கோழியையும் விடாது. காற்று சூட்டைக் கொண்டு போய்விடுவதால், வீட்டு மொட்டை மாடியில் அரை மணியில் வெந்த கால்துண்டு அங்கே அந்த நேரத்தில் வேகாது. பசி பொறுக்காமல் கரியை அள்ளிப் போட்டு விசிறுவார்கள். வெளியே கருகும், எலும்போரம் பச்சையாக இருக்கும். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் நிறம் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. இறைச்சியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. எலும்பைத் தொடாமல் சதையின் தடித்த இடத்தில் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூடியைப் போட்டுக் காத்திருங்கள். அடிக்கடி திறந்து பார்ப்பதும் சூட்டை விரயமாக்கும். வீடியோ பார்த்துவிட்டு, குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் புகைபோட்டு வேகவைக்கும் முறையைக் குளிரில் முதன்முதலாகச் செய்துபார்ப்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: புகை வாசனை ஏறியதும் கறி வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெளியில் குளிர் கூடினால் உள்சூடு ஏற இன்னும் நேரமாகும், அதுவரை கிருமி பெருகுவதற்கு வசதியான வெதுவெதுப்பில் இறைச்சி கிடக்கும்.

அதற்கும் முன்னால் மசாலா தடவிய கோழி காரில் போகும் நேரம் இருக்கிறது. வத்தலக்குண்டு தாண்டும் வரை சமவெளி வெயில், டிக்கிக்குள் ஏசி கிடையாது. ஐஸ் பெட்டியில் நிறைய ஐஸோடு போகட்டும். பச்சைக் கோழி இருந்த தட்டிலேயே சுட்டதை எடுத்து வைக்காதீர்கள், மிச்ச மசாலாவை வெந்த துண்டின் மேல் தடவாதீர்கள்.

தீக்காயம் பற்றி இரண்டே வரி. கரி பற்றவில்லை என்று பெட்ரோலையோ சானிடைசரையோ ஊற்றாதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், குளிர்கிறதே என்று பாதியில் நிறுத்தாமல். பேஸ்ட், மஞ்சள், மை எதுவும் வேண்டாம்.

சாப்பிட்டு முடித்ததும் அடுப்பை வெளியிலேயே, கட்டடத்திலிருந்து தள்ளி விட்டுவிடுங்கள். கங்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, குச்சியால் கிளறி, மறுபடி விட்டு, சீறும் சத்தம் நின்ற பிறகு படுக்கப் போங்கள். அணைக்காமல் தள்ளிப் போட்ட சாம்பலில் காலையில் குழந்தை கால் வைத்துவிடும், காய்ந்த புல்லிலும் பிடித்துவிடும். அடிக்கடி மலைக்குப் போகிறவர்கள் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். சாதாரணப் புகை அலாரம் இதற்கு உதவாது.

இவ்வளவுக்குப் பிறகும், அறையில் ஒருவர் எழுப்பினால் எழவில்லை என்றோ, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றோ தெரிந்தால்: கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுத்து வாருங்கள், பிறகு 108. மோர், எலுமிச்சைச் சாறு என்று போதையைத் தெளியவைக்கும் வைத்தியத்தில் நேரம் போக்காதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். இந்த வாயு ஏறிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஏறியது என்றே எண்ணிக்கொண்டு 98, 99 என்று காட்டும். கொரோனா காலத்தில் வாங்கியது வீட்டுக்கு வீடு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அதே அறையில் தூங்கிய ஒருவர், "எனக்கு ஒண்ணுமில்ல, நான் ஓட்டுறேன்" என்று மலைப்பாதையில் வண்டியை எடுக்கக் கூடாது. அவர் இரத்தத்திலும் அதே வாயு இருக்கிறது.

மருத்துவமனையில் வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக "ரூமுக்குள்ள கரி அடுப்பு இருந்துச்சு" என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னால்தான் இரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது இந்த வாயு ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்ப்போம். வெறும் காற்றை மூச்சிழுத்தால் இந்த வாயுவின் அளவு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். மலையிலிருந்து இறங்கி மதுரை வந்து சேருவதற்குள் எண் பாதிக்குக் கிட்டே இறங்கியிருக்கும், ஆகவே இங்கே எண் குறைவாக வந்தாலும் இரவில் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துத்தான் முடிவெடுப்போம். அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலேயே ஆக்சிஜனைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம், மதுரைக்கு அப்புறம் வரலாம். கர்ப்பிணி இருந்தால் அவருக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும் கூட்டிவர வேண்டும். வயிற்றிலிருக்கும் குழந்தையின் இரத்தத்தில் இந்த வாயு அதிகம் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். குழந்தைகள், இரத்தசோகை உள்ளவர்கள், இதய நோயாளிகள் மற்றவர்களுக்கு முன்னால் விழுவார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ஒரு மாதம், நாற்பது நாள் வரை ஒரு கண் வைத்திருங்கள். நன்றாகத் தேறிப்போன சிலருக்கு இடையில் மறதி, நடையில் தள்ளாட்டம், எரிச்சல், பேச்சில் மந்தம் என்று தாமதமாக வருவதுண்டு. கடையில் கணக்கு தப்புகிறது, தெரிந்த வழியில் வண்டி திசை மாறுகிறது என்று வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள், அவருக்கே தெரியாது. அப்படி ஏதாவது தென்பட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரும்போது அன்றைய டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும்.