போர்டு ஏறுவதற்கு முன் தரையில் விழும் கோடு

வேலூர் காந்தி ரோடு பக்கம் சிகிச்சைக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ்களில், பெரிய அறையை இரண்டாகத் தடுப்பது ஓயாத வேலை. செங்கல் வைத்தால் எடை கூடும், பூச்சு காய நாளாகும். அதனால் ஜிப்சம் போர்டு.

ஆலையில் வெட்டிய போர்டுக்கு நான்கு மூலையும் சரியான செங்கோணம். பழைய கட்டடத்துச் சுவருக்கு அந்தக் கட்டாயமெல்லாம் இல்லை. பக்கத்துச் சுவரிலிருந்து டேப் பிடித்து இரு முனையிலும் ஒரே அளவைக் குறித்தால், அந்தச் சுவரின் கோணல் புதுத் தடுப்புக்கும் வந்துவிடும். எனவே, இருப்பதில் நேரான நீளச் சுவர் ஒன்றை ஆதாரமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து செங்கோணம் எடுப்பதுதான் முறை.

அதற்கு 3, 4, 5 கணக்கு போதும். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. இதில் பலரும் கவனிக்காத விஷயம், முக்கோணத்தின் அளவு. குறுக்களவில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3 மி.மீ. பிசகினால், 12 அடி தள்ளிப்போகும்போது கோடு ஏறத்தாழ 15 மி.மீ. விலகி நிற்கும். அதே பிசகு 6, 8, 10 அடி முக்கோணத்தில் நேர்ந்தால் விலகல் பாதிதான். இடம் இருக்கிறவரை பெரிதாகவே போடுங்கள்.

அப்புறம் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்து அடிப்பது. நூலை நேர் மேலே தூக்கி விட வேண்டும். பக்கவாட்டில் சாய்த்தால் கோடு வளையும். நீளம் அதிகமென்றால் நடுவில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இருபுறமும் தனித்தனியாக அடிக்கலாம். அடித்த கோடு சேனலின், அதாவது தரையிலும் கூரையிலும் பதிக்கும் இரும்புச் சட்டத்தின் விளிம்பா, போர்டின் முகமா என்று அங்கேயே எழுதிவிடுவது நல்லது. 50 மி.மீ. சேனலின் இருபுறமும் 12.5 மி.மீ. போர்டு ஏறினால் சுவர் 75 மி.மீ. ஆகிவிடும். கதவுக்கு விட்ட இடம் குறைவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

தரைக் கோட்டைக் கூரைக்கு ஏற்றுவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். தரை சாய்ந்திருக்கலாம், கூரை தொங்கியிருக்கலாம். புவியீர்ப்பு மட்டும் நேர் கீழே இழுக்கும். கூரையிலிருந்து தூக்குக்குண்டை விட்டு, அதன் முனை தரைக் கோட்டைத் தொடும் இடம் பார்த்து மேலே குறிக்கிறார்கள். ஃபேன் ஓடினால் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். "ஃபேனை ஆஃப் பண்ணுங்கண்ணே" என்றால், மே மாத வேலூரில் யார் கேட்பார்கள்? குண்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கால்வாசி மூழ்கவிட்டால், தண்ணீரின் எதிர்ப்பு ஆட்டத்தை அடக்கிவிடும். முனையைப் பார்க்க முடியாது என்பதால், அப்போது வாளிக்கு மேலே நிற்கும் நூலை வைத்துத்தான் கோட்டைச் சரிபார்க்க வேண்டும்.

இப்போது எல்லோர் கையிலும் இருக்கும் லேசர் லெவலுக்குள்ளும் பொதுவாக ஒரு குட்டித் தூக்குக்குண்டுதான் தொங்குகிறது. அங்கே வாளிக்குப் பதில் காந்தம். ஊசல் ஆடும்போது உலோகமும் காந்தமும் ஒன்றையொன்று கடக்க, உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து அசைவை எதிர்க்கும். சில நொடிகளில் சிவப்புக் கோடு நின்றுவிடும். கருவி கீழே விழுந்திருந்தால் அந்தக் கோட்டை நம்ப வேண்டாம். தூக்குக்குண்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியில், போர்டைத் தாங்க நெட்டுக்குத்தாக நிற்கும் இரும்புச் சட்டங்களின், அதாவது ஸ்டட்டுகளின் இடம். போர்டு அகலம் 1220 மி.மீ. என்பதால் ஸ்டட்டுகளை 610 மி.மீ.க்கு ஒன்றாகக் குறிப்பார்கள். இதைச் சுவரின் முகத்திலிருந்து அளக்க வேண்டும், சுவரை ஒட்டிய முதல் ஸ்டட்டின் நடுவிலிருந்து அல்ல. ஸ்டட்டின் முகமே சுமார் 35 மி.மீ.தான். இரண்டு போர்டின் விளிம்பும் அதைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நடுவிலிருந்து அளந்தால் குறி 17 மி.மீ. நகர்ந்து, ஒரு போர்டின் ஓரத்துக்கு ஸ்குரூ பிடிக்க இரும்பே இருக்காது.