உருகு வெப்பநிலை எந்த உப்பில் கணக்கிட்டது?

டி.என்.ஏ. துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனை சரியாக வரவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். பெரும்பாலும் பதில் இருக்காது. பிரைமருடன் (பெருக்கத்தைத் தொடங்க டி.என்.ஏ.வில் போய் ஒட்டும் குட்டை இழை) வந்த தாளில் ஓர் எண் இருந்தது, அதை எடுத்துக்கொண்டோம் என்பார்கள்.

கரைசலில் உள்ள டி.என்.ஏ. இரட்டை இழைகளில் பாதி பிரிந்து, பாதி சேர்ந்தே இருக்கும் வெப்பநிலைதான் உருகு வெப்பநிலை. 260 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் வைத்துச் சூடாக்கினால் இதைக் கருவியில் நேராகவே பார்க்கலாம். இழைகள் பிரியப் பிரிய ஒளி உறிஞ்சல் கூடி, முடிவில் ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்து நிற்கும். அந்த ஏற்றத்தின் நடுப்புள்ளியே நாம் தேடும் எண்.

டி.என்.ஏ.வின் எழுத்துகளான ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு காரங்களில், ஜி–சி இணைக்கு மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள், ஏ–டி இணைக்கு இரண்டு என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அடுக்கிவைத்த தட்டுகளைப்போல் காரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்வதில் கிடைக்கும் உறுதி அதைவிடப் பெரிது. எழுத்துகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் வரிசை மாறினால் வெப்பநிலை மாறுவது இதனால்தான்.

அடுத்தது உப்பு. இரண்டு இழைகளின் முதுகெலும்பிலும் பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளும். சோடியம் அந்தத் தள்ளலைத் தணிக்கும்; மெக்னீசியம் மிகக் குறைந்த அளவிலேயே இன்னும் வலுவாகத் தணிக்கும். உப்பே இல்லாத நீரில் சிறு இழைகள் சேர்ந்து நிற்பதே கடினம்.

ஒரு மாணவி 20 எழுத்துப் பிரைமருக்கு, ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 என்று கூட்டி 60 டிகிரி கண்டார். பிரைமர் ஒட்டும் படியை அதில் 5 குறைத்து 55இல் ஓட்டினார். விளைந்த துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில், ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் நான்கைந்து பட்டைகள். மிகக் குட்டையான இழைகளுக்கான அந்தக் கணக்கில் பி.சி.ஆர். கலவையில் உள்ள மெக்னீசியத்துக்கு இடமே இல்லை. 55 முதல் 65 வரை படிப்படியாக வைத்து ஓட்டச் சொன்னேன். 61இல் ஒரே பட்டை, தெளிவாக நின்றது.

இழைகள் எளிதில் பிரிவதற்காக டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைச் சேர்ப்பவர்களும் கவனியுங்கள். ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் உருகு வெப்பநிலை சுமார் 0.6 டிகிரி இறங்கும். 5 விழுக்காடு சேர்த்தால் 3 டிகிரி போய்விடும்.

பெருக்கம் நடக்கும்போதே அளக்கும் நிகழ்நேர பி.சி.ஆரில் முடிவில் வரும் உருகு வளைவையும் (சூடாக்கும்போது இழைகள் பிரிவதைக் காட்டும் கோடு) பார்க்காமல் விடாதீர்கள். பெரிய முகட்டுக்கு முன்னால், குறைந்த வெப்பத்தில் சின்ன மேடு ஒன்று தெரிந்தால், மாதிரி சேர்க்காத குழாயின் வளைவைத் திறந்து பாருங்கள். அங்கும் அதே மேடு இருந்தால், பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.