பறக்கும் பருந்தைத் தெளிவாகப் படமெடுப்பது எப்படி?

பல லட்சம் ரூபாய் விலையுள்ள, தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் பறக்கும் வேட்டைப் பறவைகளைப் படமெடுக்க இயலாது என்ற எண்ணம் புதிதாகக் கேமரா வாங்குவோரிடம் பரவலாக இருக்கிறது. சென்னையின் காசிமேடு போன்ற மீன்பிடித் துறைமுகங்களில், மீன் கழிவு விழும் இடங்களுக்கு மேலே செம்பருந்துகளும் கரும்பருந்துகளும் தாழப் பறக்கின்றன. 24 மெகாபிக்சல் கொண்ட தொடக்கநிலைக் கேமராவையும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸையும் கையில் பிடித்தபடியே அவற்றை இறகு வரிசை தெரியும் அளவுக்குப் பதிவு செய்ய முடியும். அது எவ்வாறு முடிகிறது என்பதைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தால், படம் மங்குவதற்கான காரணம் பெரும்பாலும் லென்ஸின் விலையில் இல்லை என்பது விளங்கும்.

முதலில் அளவைப் பார்க்கலாம். செம்பருந்து சிறகை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஏறத்தாழ 1.2 மீட்டர் இருக்கும். அது 30 மீட்டர் தொலைவில் பறக்கையில் 300 மி.மீ. லென்ஸ் அதன் பிம்பத்தை 12 மி.மீ. அகலத்தில் சென்சார் (கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் தகடு) மீது விழச் செய்கிறது. இத்தகைய கேமராக்களின் சென்சார் ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலமுடையது என்பதால், பறவை படச்சட்டத்தின் பாதியை நிரப்பிவிடும். 60 மீட்டரில் கால் பங்காகக் குறைந்தாலும், 24 மெகாபிக்சல் படத்தைச் சுற்றிலும் வெட்டிப் பயன்படுத்த அது போதுமானது. அதற்கு அப்பால் போகப் போகத்தான் பெரிய லென்ஸுக்கு உண்மையான தேவை எழுகிறது.

தெளிவைத் தீர்மானிப்பது சென்சார் மீது பிம்பம் நகரும் வேகமே. நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஒரு பருந்து நம் முன்னே 30 மீட்டர் தொலைவில் குறுக்காகக் கடந்து செல்வதாகக் கொள்வோம். கேமரா அசையாமல் இருந்தால், 300 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் நொடிக்கு 100 மி.மீ. வேகத்தில் நகரும். சென்சாருக்கு ஒளியைத் திறந்துவிடும் ஷட்டர் 1/2000 நொடி மட்டுமே திறந்திருந்தாலும் அதற்குள் பிம்பம் 0.05 மி.மீ. இழுபட்டுவிடும். படத்தின் மிகச் சிறிய புள்ளியான ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.004 மி.மீ. என்பதால், இது ஏறக்குறைய 13 பிக்சல் நீளமுள்ள மங்கலாகும். கண்ணும் அலகும் அதில் கரைந்துவிடும். அதே 1/2000 நொடியில், கை பறவையைப் பின்தொடர்ந்து அதன் நகர்வில் பத்தில் ஒன்பது பங்கை ஈடுகட்டிவிட்டால், மங்கல் ஒன்றேகால் பிக்சலாகச் சுருங்குகிறது. கேமராவை அசைக்காமல் ஷட்டரை மட்டும் நம்பி இந்தத் தெளிவைப் பெற 1/20000 நொடி வேண்டும். தொடக்கநிலைக் கேமராக்களின் இயந்திர ஷட்டர் பெரும்பாலும் 1/4000 நொடியோடு நின்றுவிடுகிறது. இக்கலையில் பழகிய கைக்கு ஈடான கருவி இல்லை என்று நான் உறுதியாக நம்புவதற்கு இக்கணக்கே காரணம். அதே தொலைவில் 600 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் பிம்பம் இரட்டிப்பாவது போலவே இழுபடும் நீளமும் இரட்டிப்பாகும், எடையோ கையின் ஓட்டத்தைத் தடுக்கும்.

சிறகடிப்பை மட்டும் கையால் ஈடுகட்ட இயலாது. உடலை எவ்வளவு சீராகப் பின்தொடர்ந்தாலும், சிறகு நுனி மேலும் கீழுமாக நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அசைந்தால் 1/2000 நொடியிலும் ஆறு பிக்சல் மங்கல் அங்கே எஞ்சும். சிறகை விரித்தபடி மிதக்கும் பருந்துகள் எளிய கருவிக்கு ஏற்றவையாக இருப்பதன் ரகசியம் இதுதான். வேகமாகச் சிறகடித்துப் பாயும் வல்லூறு அவ்வளவு எளிதில் அகப்படாது.

பின்தொடரும்போது கைகள் மட்டும் திரும்பக் கூடாது, இடுப்புக்கு மேலுள்ள உடல் முழுவதும் திரும்ப வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, பறவை மிக அருகே வரும் இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றிக்கொண்டால், அந்த இடத்தில் உடல் முறுக்கின்றி இருக்கும். கோணத்தின் மாற்றம் மிக வேகமாக இருப்பதும் அந்த இடத்தில்தான். ஷட்டரை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாமல் தொடர்வது அவசியம். லென்ஸில் உள்ள அதிர்வுக் குறைப்பு வசதி கை நடுக்கத்தைத்தான் குறைக்குமே அன்றிப் பறவையின் நகர்வை அது அறியாது.

இவ்வளவு குறுகிய ஷட்டர் நேரத்துக்கு வெளிச்சம் போதுமா என்றால், நம் ஊர் வெயிலில் தாராளமாகப் போதும். லென்ஸின் துளையை எஃப் எண்ணால் குறிப்பார்கள், எண் சிறிதானால் துளை பெரிது; ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளியுணர்திறன். நல்ல வெயிலில் எஃப் 16 துளைக்கு ஷட்டர் நேரம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ் என்பது பிலிம் காலத்திலிருந்து வழங்கும் விதி. அதன்படி ஐஎஸ்ஓ 400 வைத்தால் எஃப் 16-க்கு 1/400 நொடி; அதைப் போல ஆறு மடங்குக்கு மேல் ஒளி விடும் மலிவான ஜூம் லென்ஸின் எஃப் 6.3 துளைக்கு 1/2500 நொடி கிடைக்கிறது. நிழலில் இருக்கும் சிறகின் அடிப்பகுதிக்காக ஐஎஸ்ஓ 800 ஆக்கினாலும் படம் கெடாது. எஃப் 4 அல்லது எஃப் 2.8 லென்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் விடியலிலும் காட்டு நிழலிலும்தான் பயன் தரும்.

ஒளியளவைக் கேமராவிடம் விட்டுவிடாமல் கைமுறையாக அமைப்பதே என் பரிந்துரை. கேமராவின் ஒளி அளவி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயல்வதால், வெண்மேகத்தின் முன்னே பருந்து வந்தால் மேகம் சாம்பலாகிப் பருந்து கரிய நிழலுருவாகிவிடும். பருந்து மேகத்திலிருந்து நீல வானத்துக்கும், அங்கிருந்து மரங்களுக்கும் கடந்தாலும், அதன் மேல் விழும் வெயில் மாறுவதில்லை. ஆகையால் ஒரு முறை சரியாக அமைத்த அளவு மேகம் மறைக்கும் வரை செல்லும். செம்பருந்தின் தலையும் மார்பும் தூய வெள்ளை என்பதால், அவ்விடத்தில் இறகு விவரம் எரிந்துபோகாத அளவுக்கு மட்டும் ஒளியைக் கூட்ட வேண்டும்.

ஃபோகஸைப் பொறுத்தவரை, 30 மீட்டரில் 300 மி.மீ., எஃப் 6.3 அமைப்பில் முன்னும் பின்னுமாகச் சுமார் 2.5 மீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும். ஆகவே முழுப் பறவையும் அதற்குள் அடங்கிவிடும். 15 மீட்டரில் அது 60 சென்டிமீட்டர் சொச்சமாகக் குறைவதால், நேரே நம்மை நோக்கி வரும் பருந்து மிகவும் கடினமானது. நகரும் பொருளை விடாமல் ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும் தொடர் ஆட்டோஃபோகஸைப் படச்சட்டத்தின் நடுப்புள்ளியில் வைத்து, பறவை வரும் முன்பே அதே தொலைவிலுள்ள ஒரு மரத்தையோ படகின் கொடியையோ ஒரு முறை ஃபோகஸ் செய்து வைத்தால், வெற்று வானத்தில் லென்ஸ் அலைபாய்வது தவிர்க்கப்படும்.

காற்றைப் பற்றிய அறிவு, என் மதிப்பீட்டில், மேற்சொன்ன எல்லா அமைப்புகளையும்விடப் பயனுள்ளது. எதிர்காற்றில் பறக்கும் பறவைக்குத் தரையைப் பொறுத்த வேகம் குறைகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகமுடைய பருந்து 5 மீட்டர் எதிர்காற்றில் பாதி வேகத்தில்தான் நம்மைக் கடக்கும், மங்கலும் அதனால் பாதியாகும். வேட்டைப் பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்புகின்றன, இறங்குகின்றன. எனவே காற்றும் சூரியனும் நம் முதுகுப் பக்கம் இருந்தால், ஒளி விழுந்த முகத்தோடு பறவை மெதுவாக நம் பக்கம் வரும். கோடை மாலையில் சென்னைக் கரையில் இது அமைவதில்லை: சூரியன் மேற்கே இருக்க, கடற்காற்று கிழக்கிலிருந்து வீசுவதால், வெயிலை முதுகில் வாங்கி நிற்பவருக்குப் பருந்தின் வாலே தெரியும். மேற்குக் கடற்கரையின் மாலையில் சூரியனும் கடற்காற்றும் ஒரே பக்கம் இருக்கின்றன. கிழக்குக் கரைக்கு டிசம்பர், ஜனவரிக் காலைகள் உகந்தவை. அப்போது வாடைக்காற்று வடகிழக்கிலிருந்தும் வெயில் தென்கிழக்கிலிருந்தும் வருவதால் மேற்கு நோக்கி நிற்பவருக்கு இரண்டும் பின்னால் அமைகின்றன.

தரை சூடேறி வெப்பக் காற்று மேலெழத் தொடங்கும் முற்பகல் வேளையில் பருந்துகள் அதில் வட்டமிட்டு உயர்கின்றன. வட்டத்தின் ஒரு பகுதியில் சிறகின் அடிப்புறம் வெயிலை நோக்கிச் சாயும். இரண்டு சுற்றுகளைப் பார்த்தாலே அந்த இடம் பிடிபட்டுவிடும், மூன்றாவது சுற்றில் அங்கே காத்திருக்கலாம். கரும்பருந்து தன் பிளவுபட்ட வாலைச் சுக்கான் போல ஒரு பக்கம் முறுக்கினால் திரும்பப் போகிறது என்று பொருள். வெயில் ஏறிய பின்னரோ, அதே வெப்பக் காற்று பறவைக்கும் லென்ஸுக்கும் இடையே அலையலையாக நெளிந்து தொலைவிலுள்ள எல்லாவற்றையும் குழைத்துவிடுகிறது. அதை எந்த விலையுள்ள லென்ஸாலும் சரிசெய்ய இயலாது என்பதால், அந்நேரத்தில் அருகில் வரும் பறவைகளை மட்டும் எடுப்பது நல்லது. அருகில் வரவழைப்பதற்காக இறைச்சி வீசுவதும், கூட்டின் அருகே நின்று தாய்ப்பறவையை வட்டமிட வைப்பதும் கூடவே கூடாது.

பழகத் தொடங்குவோருக்குத் துறைமுகத்தைப் போலவே புல்வெளிகளும் ஏற்ற இடங்கள். அங்கே இரை தேடும் கருந்தோள் பருந்து ஒரே இடத்தில் சிறகடித்தபடி பல நொடிகள் வானில் நிற்கும். உடலும் தலையும் ஏறக்குறைய அசையாதிருப்பதால், கை இன்னும் பழகாத நிலையிலும் அதன் செந்நிறக் கண் தெளிவாகப் பதியும்.