12 வோல்ட்தானே என்று சொல்லாதீர்கள்

போன வாரம் பட்டறைக்கு ஒரு இன்வெர்ட்டர் வந்தது. அதன் சிவப்பு ஒயரின் உறை உருகி, கறுப்பு ஒயரோடு ஒட்டிக்கிடந்தது. கொண்டுவந்தவர் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கப் போயிருக்கிறார். மின் இணைப்பு இல்லாத இடம். காரிலிருந்து கழற்றிய பேட்டரி, அதன் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் 1000 வாட் இன்வெர்ட்டர், அதில் ஒரு மின் கெட்டில். தண்ணீர் கொதிக்கும் முன்பே ஒயர் புகைய ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, அவர் விழித்திருந்ததால் கிளிப்பை இழுத்துப் பிடுங்கிவிட்டார்.

"12 வோல்ட்தானே அண்ணே, என்ன ஆகிவிடும்னு நினைச்சேன்" என்றார். இந்த வருடம் இதே வார்த்தையை என்னிடம் சொல்லும் ஐந்தாவது ஆள் இவர். இனி ஆறாவது ஆள் வந்து சொல்லும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை.

12 வோல்ட் உலர்ந்த கையில் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். எல்லோரும் அதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் தீ ஷாக்கினால் வருவதில்லை, சூட்டினால் வருகிறது. வோல்ட் குறைந்தால் அதே வேலைக்குக் கரண்ட் கூடியாக வேண்டும். 1000 வாட் கெட்டில் வீட்டில் 230 வோல்ட்டில் ஓடும்போது இழுப்பது 4 ஆம்பியர் சொச்சம். அதே கெட்டிலை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்டினால் 83 ஆம்பியர். இன்வெர்ட்டர் தன் பங்குக்குத் தின்னும் நஷ்டத்தையும் சேர்த்தால் 95 ஆம்பியர் பக்கம் வந்துவிடும். ஏறத்தாழ 20 மடங்கு. ஒயரில் உண்டாகும் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும். அதாவது, ஒரே ஒயரில் 20 மடங்கு கரண்ட் போனால் சூடு 400 மடங்கு.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? பேட்டரி டெர்மினலில் கிளிப் கொஞ்சம் லூசாக இருக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் மின்தடை 0.01 ஓம். மீட்டரில்கூடச் சரியாகத் தெரியாத அளவு. 100 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 100 வாட் சூடு பிறக்கும். நான் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் வெறும் 25 வாட். அப்படி நான்கு அயர்னை ஒரே இடத்தில் வைத்து அழுத்தியதுபோல் ஆகும். பக்கத்தில் இருப்பதோ கூடாரத் துணி.

வீட்டு ஒயரிங்கில் பிரேக்கர் இருக்கிறது, ஏதாவது ஆனால் விழுந்துவிடும். பேட்டரிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. என்ஜினைச் சுற்றிவிடவே செய்த பொருள் அது. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை யோசிக்காமல் தள்ளும். ஒரு ஸ்பேனர் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் போதும், பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும். பேட்டரி வேலைக்கு உட்காரும்முன் நாங்கள் மோதிரத்தையும் உலோகப் பட்டைக் கடிகாரத்தையும் கழற்றி வைப்பது அதற்காகத்தான். நீங்களும் கழற்றுங்கள்.

அடுத்தது, "சின்ன சாதனம்தானே" என்பது. கைக்கு அடக்கமாக இருப்பதால் மின்சாரமும் கொஞ்சமாக எடுக்கும் என்று அர்த்தமில்லை. சூடு பண்ணுவது எதுவாக இருந்தாலும், கெட்டில், ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ், எல்லாமே பெரிய லோடுதான். 1 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கக் குறைந்தது 87 வாட்-ஹவர் வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் என்று போட்டிருக்கும் பவர் பேங்க்கில், 3.7 வோல்ட் கணக்கில், மொத்தமே 74 வாட்-ஹவர்தான் இருக்கிறது. அதே பவர் பேங்க் 5 வாட் எல்.இ.டி. விளக்கை ஒரு இரவு முழுக்க எரியவைக்கும். விளக்கு, போன், சின்ன டி.சி. மின்விசிறி இவற்றுக்கெல்லாம் பேட்டரி அருமையான துணை. சமையலுக்கு அதை இழுக்காதீர்கள்.

கார் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் தகடுகள் மெல்லியவை. சில விநாடிகள் பெரிய கரண்ட் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏற வேண்டியவை. அதை இரவு முழுக்க வடித்தால் நான்கைந்து தடவையிலேயே தளர்ந்துபோகும், காலையில் வண்டியும் கிளம்பாது. அடிக்கடி போகிறவர்கள், நெடுநேரம் வடித்தாலும் தாங்கும்படி செய்த டீப் சைக்கிள் பேட்டரியோ லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியோ வாங்குங்கள். ஈய-அமில பேட்டரி எதுவானாலும் பாதிக்குக் கீழே இறக்க வேண்டாம். லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கும்போது 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டதென்றால் நிறுத்திவிடுங்கள். லித்தியத்தை உறையும் குளிரில், 0 டிகிரிக்குக் கீழே, சார்ஜ் போடக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியவை. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள், ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் போய்விட்டால் பெரிய ஃபியூஸையோ கம்பித் துண்டையோ வைத்து ஓட்டாதீர்கள். அது எரிந்தது உங்களைக் காப்பாற்றத்தான். 1000 வாட் இன்வெர்ட்டருக்கு 35 சதுர மில்லிமீட்டர் ஒயர், முடிந்தவரை நீளம் குறைவாக. கிளிப் வேண்டாம், ஒயர் முனையில் லக்ஸ் (அழுத்திப் பொருத்தும் உலோக வளையம்) அடித்து போல்ட் போட்டு முறுக்குங்கள். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். 120 வாட்டுக்கு மேல் அதில் எதையும் சொருகாதீர்கள். வேலை முடிந்ததும் இன்வெர்ட்டரை அணையுங்கள். சும்மா இருந்தாலும் அது பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். ஈய-அமில பேட்டரியைக் கூடாரத்துக்குள் வைத்து சார்ஜ் போடவே வேண்டாம். வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும்.

இன்னொன்று, இன்வெர்ட்டரின் மறுபக்கத்தில் வருவது 230 வோல்ட். பேட்டரியிலிருந்து வந்தாலும் அது ஆளைக் கொல்லும். ஈரத் தரையில், மழையில், எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் புல்மேல் போடாதீர்கள்.

தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்கு சிபேப் கருவி (முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புவது) வைத்திருப்பவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு இரவு முழுக்க அந்தப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கருவியின் நிறுவனமே தரும் டி.சி. அடாப்டர் இருந்தால் இன்வெர்ட்டரே தேவையில்லை, நஷ்டமும் குறையும். ஈரப்பதமூட்டியின் ஹீட்டர்தான் அதிகம் இழுப்பது. அதை அணைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தின் இன்வெர்ட்டரைச் சரிசெய்து, புது ஒயரும் 125 ஆம்பியர் ஃபியூஸும் போட்டு நேற்று கொடுத்தேன். டீத்தண்ணிக்கு என்ன செய்வது என்று கேட்டார். சின்ன காஸ் அடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். ஆனால் கூடாரத்துக்கு வெளியே வைத்துத்தான். உள்ளே வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது.